நெல்லு ரகத்தைச் சொல்லும்போது அதுல பூச்சி எப்படிப் பெருகும்னும் சேத்துச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர் விவசாயப் பக்கத்துல, நெல்லுத் தூருல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சி பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். எந்த மருந்து, ஏக்கருக்கு எம்புட்டு, எப்ப அடிக்கணும், தூருல படுற மாதிரி எப்படி அடிக்கணும்னு எல்லாம் தெளிவா இருந்துச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா எந்த ரகம் நட்டா புகையான் எப்படிப் பெருகும்னு அம்புட்டுப் பெரிய கட்டுரையில ஒரு வரி கூட இல்ல. அதப் பத்தித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமா போயிரும், ஆனாலும் முழுசா போட்டீங்கன்னா எங்க பக்கத்து விவசாயிங்களுக்கு உபயோகமா இருக்கும்.

நான் சோழவந்தான் பக்கம், பெரியாறு பாசனத்துல நெல்லு போடுறவன். பேரணையில இருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகப் பகுதி 45,041 ஏக்கர்னு தண்ணி திறக்கும்போதெல்லாம் பேப்பர்ல போடுறீங்கல்ல, அந்தக் கணக்குக்குள்ள இருக்குற ஆளு. ஜூன் தண்ணிக்கு முன்னாடி விதைக்கடையில போயி நின்னு பாருங்க. வர்றவங்க கேக்குறது நாலே கேள்விதான், எத்தனை நாள் பயிரு, ஏக்கருக்கு எத்தனை மூடை காணும், சன்னமா மோட்டாவா, மில்லுக்காரரு வாங்குவாரா. கடைக்காரரும் அதுக்கு மட்டும்தான் பதில் சொல்றாரு. இது புகையானத் தாங்குமா, குருத்தக் கெடுக்குற ஆனைக்கொம்பன் ஈ வந்தா என்ன ஆகும்னு யாரும் கேக்குறதும் இல்ல, சொல்றதும் இல்ல. பூச்சின்னா அது வானத்துல இருந்து வர்ற விஷயம், வந்தா மருந்து அடிச்சுக்கலாம்னு மனசுல பதிஞ்சு போச்சு. பூச்சி வர்றது வேணும்னா காத்து, மழை, பக்கத்து வயலு இதுகள பொறுத்து இருக்கலாம். ஆனா வந்த பூச்சி நம்ம வயல்ல குடும்பம் நடத்தி எம்புட்டுப் பெருகுதுங்கிறத பெரும்பாலும் முடிவு பண்றது நாம நட்ட பயிருதான், இத மட்டும் எல்லாரும் மறந்துடுறோம்.

புகையானையே எடுத்துக்குவோம். நட்டு முப்பது நாள் தாண்டுன வயல்ல இறங்கி ஒரு தூரை சாய்ச்சு அடித்தண்ட உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டிப் பாருங்க. தண்ணியில பொடிப் பொடியா விழும், பழுப்பு நிறத்துல, விழுந்த வேகத்துக்குத் தண்ணி மேலயே சறுக்கிக்கிட்டு அடுத்த தூருக்கு ஏறிரும். அதுல சிலது றெக்கை உடம்பையே முழுசா மூடாம குட்டையா, வயிறு உப்பி இருக்கும் பாருங்க, அதுதான் கவனிக்க வேண்டியது. மொதல்ல நம்ம வயலுக்குப் பறந்து வர்றது நீட்டு றெக்கை உள்ளது. அது தூர்ப்பக்கத்துல இலை உறைய கீறி உள்ள முட்டைய வச்சிரும், வெளிய பாத்தா ஒரு பழுப்புக் கீறல்தான் தெரியும். ஒரு வாரம் ஒம்பது நாள்ல பொரிச்சு, அஞ்சு தடவ சட்டை உரிச்சு, ரெண்டு வாரத்துல பெருசாயிரும். திங்கிறதுக்கு நல்லா இருந்துச்சுன்னா அந்தப் பிள்ளைகள்ல நிறைய குட்டை றெக்கையாத்தான் வரும். குட்டை றெக்கைக்குப் பறக்குற வேலையே இல்ல, தின்ன சத்து எல்லாம் முட்டைக்குத்தான் போகும், அதுனால அது சீக்கிரமாவே முட்டை வைக்க ஆரம்பிச்சு நிறையவும் வைக்கும். ஒரு பொட்டை 200, 300 முட்டை வைக்கிறது சாதாரணம். நெருக்கடி வந்து பயிரு காய ஆரம்பிக்கும்போது மறுபடி நீட்டு றெக்கை உருவாகி அடுத்த வயலுக்குப் பறக்கும். வட்ட வட்டமா பயிரு தீஞ்ச மாதிரி கெடக்குதேன்னு நாம தலையில கை வைக்கும்போது அது மூணாவது தலைமுறை, மொதத் தலைமுறை வந்து எறங்குனப்ப யாரும் குனிஞ்சு பாத்துருக்க மாட்டோம்.

இப்ப கணக்குக்கு வாங்க. ஒரு பொட்டைப் பூச்சி வச்ச முட்டையில சிலந்தி தின்னது, மழையில போனது, பொரிக்காம போனது எல்லாம் கழிச்சு பத்து பொட்டை தப்பிச்சு முட்டை வைக்கிற வயசுக்கு வருதுன்னு வைங்க. மூணு தலைமுறையில பத்து பத்தா நூறு, நூறு பத்தா ஆயிரம். வேற ஒரு ரகத்துல அதே பூச்சிக்கு சரியா சாறு எறங்கல, முட்டை பாதிதான் வைக்குது, பத்துக்குப் பதிலா அஞ்சுதான் தேறுதுன்னா மூணு தலைமுறையில அஞ்சு, இருபத்தஞ்சு, நூத்தி இருபத்தஞ்சு. முட்டை பாதியா கொறஞ்சதுக்குப் பூச்சி பாதியா கொறையல, எட்டுல ஒரு பங்கா கொறஞ்சிருச்சு. சத்து பத்தாம குஞ்சு வளர நாலஞ்சு நாள் கூடுதலா ஆச்சுன்னா அறுப்புக்குள்ள மூணாவது தலைமுறையே முடியாது, அப்ப ஆயிரத்துக்குப் பதிலா இருபத்தஞ்சு. இது பேப்பர்ல போட்ட கணக்குதான், வயல்ல இதே நம்பர் வராது, ஆனா ஓடுற போக்கு இதுதான். வட்டிக்கு வட்டி போட்டு கடன் ஏறுற மாதிரி, மொத மாசத்துல வட்டி கொஞ்சம் கொறைஞ்சாக்கூட வருசக் கடைசியில நிக்கிற தொகையில பெரிய வித்தியாசம் வந்துரும்.

இதுனாலதான் முழுசா எதிர்ப்பு இல்லாத, ஓரளவு தாங்குற ரகத்தைக்கூட நான் ரொம்ப மதிக்கிறேன். “அதுலயும் புகையான் இருக்கத்தான செய்யிது, பெறகு என்ன எதிர்ப்பு”ன்னு எங்க ஊர்ல கேப்பாங்க. இருக்கும், ஆனா மெதுவா பெருகும். மெதுவா பெருகுறப்பத்தான் வயல்ல இருக்குற சிலந்தியால ஈடு குடுக்க முடியும். தரையில ஓடுற ஓநாய்ச் சிலந்தி ஒண்ணு ஒரு நாளைக்கு அஞ்சுல இருந்து பதினஞ்சு பூச்சி வரைக்கும் பிடிக்கும், பச்சை நிறத்துல சின்னதா மிரிட் நாவாய்ப்பூச்சி ஒண்ணு இருக்கு, அது புகையான் முட்டையையே குத்தி உறிஞ்சிரும். புகையான் ஆயிரமா பெருகுனா இதுகளால என்ன முடியும், நூறா பெருகுனா சமாளிச்சிரும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் மருந்து அடிக்கிறதுக்கு சொல்ற அளவு கூட அப்படித்தான் இருக்கு, சிலந்தி இல்லாத வயல்ல ஒரு தூர்க் கிளைக்கு ஒரு பூச்சி, தூருக்கு ஒரு சிலந்தி இருந்தா கிளைக்கு ரெண்டு பூச்சி வரைக்கும் பொறுக்கலாம்.

சரி, ரகம் எப்படி பூச்சியோட முட்டையில கை வைக்கும்னு கேப்பீங்க. புகையான் இலைய கடிக்கிறது இல்ல, ஊசி மாதிரி வாய உள்ள விட்டு சாறு ஓடுற குழாயத் தேடிப் பிடிச்சு உறிஞ்சும். பிடிக்காத ரகத்துல அது திரும்பத் திரும்ப குத்தும், எடுக்கும், எடம் மாறும், மறுபடி குத்தும், நிலையா உக்காந்து குடிக்காது. குடிக்காததுக்கு சத்து எங்க இருந்து வரும், முட்டை எங்க இருந்து வரும். 1970 வாக்குல முட்கோங்கிற நம்ம நாட்டு நெல்ல வச்சு ஆராய்ச்சி பண்ணப்ப, அதுல வளந்த பொட்டைப் பூச்சியோட முட்டைப் பையே சரியா வளராம, முத்துன முட்டை ரொம்பக் கொஞ்சமாத்தான் இருந்துச்சு. அந்த நெல்லோட சாறுல அஸ்பரஜின்னு ஒரு அமினோ அமிலம் கொறச்சலா இருந்ததையும் அப்பவே கண்டாங்க. இன்னொரு வழியிலயும் பாப்பாங்க. பூச்சி எம்புட்டுக் குடிச்சுதோ அம்புட்டு தேன் மாதிரி கழிவு சொட்டும், தூருக்கு அடியில வடிதாள வச்சு அதுல விழுந்த சொட்டோட பரப்ப அளந்தா எந்த ரகத்துல எம்புட்டு குடிச்சுதுன்னு தெரிஞ்சு போகும். நம்ம வயல்ல தூர்ப்பக்கம் பிசுபிசுன்னு ஒட்டி, பெறகு கரும்பூசணம் படந்து கருப்பா கெடக்குதே, அது இந்தக் கழிவாலதான். கருப்பு அடர்த்தியா இருந்தா பூச்சி நல்லா குடிச்சிருக்குன்னு அர்த்தம்.

இதுல நம்ம பக்கத்துக்குப் பெருமையான விஷயம் ஒண்ணு இருக்கு, எம்புட்டுப் பேருக்குத் தெரியும்னு தெரியல. உலகத்துல புகையான் எதிர்ப்புக்குன்னு மொத மொதல்ல கண்டுபிடிச்ச மரபணுக்கள்ல ஒண்ணு நம்ம அம்பாசமுத்திரத்து ஏஎஸ்டி 7 நெல்லுல இருந்தது. கேரளா பட்டாம்பியில இருந்து வந்த பிடிபி 33 இன்னைக்கும் எந்த நாட்டுல புகையான் சோதனை நடந்தாலும் தாங்குற ரகத்துக்கு அளவுகோலா பக்கத்துல வச்சு நடுற நெல்லு. குருத்துப்பூச்சியத் தாங்குறதுக்கு திரூர்க்குப்பம் டிகேஎம் 6, அதத்தான் ஐஆர் 20க்குப் பெத்தவங்கள்ல ஒண்ணா வச்சாங்க, நம்ம அப்பா தாத்தா காலத்துல ஐஆர் 20 போடாத ஊரே கெடையாது. பூச்சியத் தாங்குற வித்து நம்ம மண்ணுல இருந்து உலகத்துக்கே போயிருக்கு, ஆனா நம்ம விதைக்கடை போர்டுல அதப் பத்தி ஒரு வார்த்தை இல்லைன்னா வருத்தமா இருக்குமா இருக்காதா.

இதோட இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், இல்லாட்டி பாதி உண்மைதான் சொன்னதா ஆகும். 1966ல வந்த ஐஆர் 8 நல்லா விளைஞ்சுது, ஆனா புகையானத் தாங்கல. ஜாஸ்தி உரம், நெருக்க நடவு, வருசம் பூரா தண்ணி, கண்டபடி மருந்து எல்லாம் சேந்து ஆசியா முழுக்க புகையான் பெரிய பூச்சியா ஆனதே அந்தக் காலத்துலதான், 1973, 74ல கேரளா குட்டநாட்டுல வயலு வயலா அழிஞ்சுச்சு. அப்ப 1973ல ஐஆர் 26 வந்துச்சு, எதிர்ப்புள்ள ரகம், எல்லாரும் அதையே நட்டாங்க. ரெண்டு மூணு வருசத்துல பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவுல புகையான் அதையும் தின்னப் பழகிருச்சு. ஏன்னா அதுல இருந்தது ஒரே ஒரு மரபணுவோட எதிர்ப்பு, கண்ணுக்கெட்டுன தூரம் அந்த ஒரே ரகம், அதுல பொழைக்கத் தெரிஞ்ச பூச்சி மட்டும் மிஞ்சி அதோட வம்சம் மட்டும் பெருகிருச்சு. பெறகு 1976ல ஐஆர் 36 வந்து கொஞ்சம் கூடுதல் காலம் தாங்குச்சு, ஒரு கட்டத்துல ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல அதத்தான் நட்டாங்க. 1985ல வந்த ஐஆர் 64ல இருந்ததும் ஐஆர் 26ல இருந்த அதே பெரிய மரபணுதான், ஆனா கூடவே சின்னச் சின்ன எதிர்ப்புக் குணம் பலது சேந்து இருந்ததால வயல்ல ரொம்ப வருசம் நின்னுச்சு. பூச்சிய மொத்தமா கொல்லாம அதோட பெருக்கத்த மட்டும் மட்டுப்படுத்துற ரகம் ஏன் நல்லதுன்னு இதுலயே புரியும், பூச்சிக்கு அத எதுத்து மாறணும்ங்கிற நெருக்கடி அம்புட்டா இருக்காது.

அதே மாதிரி, தாங்குதுன்னு சொல்றதுல மூணு விதம் இருக்கு, கடைக்காரரு மூணையும் ஒண்ணா கொழப்பி “இது பூச்சி தாங்கும்ணே”ன்னு சொல்லிருவாரு. பூச்சிக்குப் பிடிக்காம அது வேற பக்கம் போயிர்றது ஒண்ணு. வந்து தின்னும் தேறாம, முட்டை கொறைஞ்சு, குஞ்சு செத்துப் போறது ரெண்டாவது. மூணாவது, பூச்சி நல்லாவே பெருகும் ஆனா பயிரு வாடாம மகசூல் குடுத்துரும். இந்த மூணாவது விதத்துல தாங்குற ரகத்த நட்டவருக்கு நஷ்டம் இல்ல, ஆனா அவரு வயல்ல பெருகுன பூச்சி அறுப்பு சமயத்துல றெக்கை முளைச்சு பக்கத்துல இளம்பயிரு வச்சிருக்குறவரு வயலுக்குத்தான் போகும். அதுனால எந்த விதத்துல தாங்குதுன்னு சொல்றதும் முக்கியம், கண்மாய்ப் பாசனத்துல வரப்புக்கு வரப்பு ஒட்டி வெள்ளாமை பண்ற எங்களுக்கு ரொம்பவே முக்கியம்.

ஆனைக்கொம்பனுக்கும் இதே கதைதான். வெங்காயத்தாள் மாதிரி குருத்து நீண்டு வெளுத்துப் போயி, அந்தக் கிளை கதிரே தள்ளாது. எதிர்ப்புள்ள ரகத்துல ஈ வந்து முட்டை வைக்கத்தான் செய்யும், புழுவும் பொரிச்சு தண்டுக்குள்ள எறங்கும், ஆனா குருத்துக்கிட்ட போன கொஞ்ச நாள்ல சின்னப் புழுவாவே செத்துரும், கொம்பு உருவாகாது, அடுத்த தலைமுறைக்கு ஈ இல்ல. நம்ம ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில இருந்து வந்த எம்டியு 3 ஆனைக்கொம்பனத் தாங்குறதுக்குன்னே பேரு வாங்குன ரகம். இன்னைக்கு எம்டியு 3ன்னு கேட்டா எங்க பக்கத்து வாலிபப் பசங்களுக்கு அது என்னன்னே தெரியல.

திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல்காட்டுக்காரங்களுக்குப் பருத்தியில இதே விஷயம் வேற மாதிரி வரும். இலையில முடி நெருக்கமா இருக்குற பருத்தியில தத்துப்பூச்சி முட்டை வைக்க செரமப்படும், நரம்புக்குள்ள கீறி வைக்கணும்ல, முடி தடுத்துரும். ஆனா அதே முடி வெள்ளை ஈக்கு வசதியா போயிரும். ஒரு பூச்சிக்கு எதிரா இருக்குறது இன்னொரு பூச்சிக்கு எடம் குடுக்கும், அதுனால “பூச்சி தாங்கும்”னு பொத்தாம் பொதுவா சொல்லவே கூடாது, எந்தப் பூச்சின்னு சொல்லணும். 2002ல மரபணு மாத்துன பிடி பருத்தி வந்தப்பவும் இதத்தான் பாத்தோம், அது காய்ப்புழுவுக்குத்தான், சாறு உறிஞ்சுற பூச்சிக்கு இல்ல. நெறைய பிடி வீரிய ஒட்டு ரகத்துல தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் நல்லாவே பெருகுச்சு. பழைய கருங்கண்ணிப் பருத்திக்கு மகசூல் கொறைச்சல்தான், பஞ்சு குட்டைதான், ஆனா சாறு உறிஞ்சுற பூச்சிய அது தாங்குன மாதிரி இதுக தாங்கல. பேரையூர், உசிலம்பட்டி பக்கம் சோளத்துல குருத்து ஈ வருதே, அங்கயும் இளம் இலை பளபளன்னு இருக்குற ரகத்துல அந்த ஈ முட்டை வைக்கிறது கொறைவு.

மறுபடி நெல்லுக்கு வர்றேன், அங்கதான் பணமும் கஷ்டமும் ஜாஸ்தி. ரகம் மட்டும் எல்லாத்தையும் பாத்துக்கும்னு நான் சொல்ல வரல. நல்லா தாங்குற ரகத்துக்கே யூரியாவ அள்ளிப் போட்டா பயிரு கரும்பச்சையா கொழுத்து, சாறுல சத்து ஏறி, புகையான் முட்டை கூடிரும். எளிதா பூச்சி பிடிக்கிற ரகத்துல அப்படிப் போட்டா கேக்கவே வேணாம். அதுக்கு மேல சில மருந்து இருக்கு, செயற்கை பைரித்ராய்டு வகை, அத அடிச்சா சிலந்தியும் மிரிட் பூச்சியும் செத்துரும், தப்பிச்ச புகையான் முன்னைவிட ஜாஸ்தியா பெருகும், நெல்லுல புகையானுக்கு அத அடிக்கவே வேணாம்னு பல்கலைக்கழகமே சொல்லுது. இந்தோனேசியாவுல 1986ல நெல்லுக்கு 57 மருந்த ஒரே உத்தரவுல தடை பண்ணது இதுக்காகத்தான். எளிதா பூச்சி பிடிக்கிற ரகம், அள்ளிக் கொட்டுன யூரியா, தப்பான மருந்து, இது மூணும் ஒரே வயல்ல சேந்தா அங்க புகையான் வந்தத பூச்சித் தாக்குதல்னு சொல்றத விட நாமளே வளத்து விட்டதுன்னுதான் சொல்லணும்.

எங்க பக்கம் இப்ப என்ன நடக்குதுன்னா, ஏவாரிங்க எந்த சன்ன ரகத்துக்கு வெலை கூட்டிக் குடுக்குறாங்களோ அதையே கால்வாய் நெடுக எல்லாரும் நடுறோம். விவசாயிய குத்தம் சொல்ல முடியாது, மூட்டைக்கு நூறு எரநூறு கூடக் கெடச்சா யாரும் அதத்தான் நடுவாங்க. பிபிடி 5204 எடுத்துக்குங்க, சாப்பாட்டுக்கு அருமையான அரிசி, மில்லுல நல்ல வெலை, ஆனா புகையானுக்கும் எளிது, குலைநோய்க்கும் எளிது, இது ரகசியம் இல்ல, வேளாண் துறை ஆளுங்க யாரக் கேட்டாலும் சொல்வாங்க. அத நடக்கூடாதுன்னு நான் சொல்லல. நட்டா எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம், அதாவது நடாத சந்து, விட்டு நடணும், யூரியாவ மூணு நாலா பிரிச்சுப் போடணும், தண்ணிய விட்டு விட்டுக் கட்டணும், வாரத்துக்கு ரெண்டு தரம் தூரத் தட்டிப் பாக்கணும், இது அந்த ரகத்த நடும்போதே தெரிஞ்சிருக்கணும். பக்கத்து வயக்காரரு வேற ரகம் நட்டிருந்தா அவருக்கும் நமக்கும் நடுவுல பூச்சிக்கு ஒரு தடையா இருக்கும். எங்க வயலுக்கு மேவரப்புல என் மச்சான் வயலு, அவரு வேற ரகம், ஒரே வாரத்து நடவு, ஒரே மடைத் தண்ணி. ரெண்டு வயல்லயும் ஒரே நாள் தூரத் தட்டுனா என் பக்கம் தண்ணி மேல பொட்டுப் பொட்டா நிறைஞ்சு போகும், அவரு பக்கம் விழுந்தத எண்ணிரலாம், குட்டை றெக்கைய தேடித்தான் பிடிக்கணும். ரகப் பேரு ரெண்டையும் இங்க எழுதல, ஒத்த வயல பாத்து ஒரு ரகத்துக்குப் பேரு கட்டுறது நியாயமில்ல, அத சோதனை பண்ணிச் சொல்ல வேண்டியது ஆராய்ச்சி பண்றவங்க.

அவங்க சோதனை பண்ணாமலும் இல்ல, அதுதான் என் ஆதங்கமே. ஒரு ரகம் வெளிய வர்றதுக்கு முன்னாடி டிரேயில வரிசை வரிசையா நாத்து விட்டு, நடுவுல பூச்சியத் தாங்காத தைவான் டிஎன்1ஐயும் தாங்குற பிடிபி 33ஐயும் வச்சு, ஒரு நாத்துக்கு எட்டு பத்துன்னு புகையான் குஞ்ச விட்டு, டிஎன்1 செத்து விழுகுற அன்னைக்கு மத்ததெல்லாம் எப்படி நிக்குதுன்னு 0ல இருந்து 9 வரைக்கும் மார்க் போடுறாங்க. 0 பக்கம்னா நல்லா தாங்குது, 9னா செத்துருச்சு. அந்த மார்க்கு ஆபீஸ் பேப்பர்ல இருக்கு, பயிர் உற்பத்திக் கையேட்டுல கொஞ்சம் இருக்கு, விவசாயி கையில மட்டும் இல்ல. விதை மூட்டையில கட்டுற அட்டையப் பாருங்க, 1966 விதைச் சட்டப்படி ரகப் பேரு, குவியல் எண், முளைப்புத்திறன், தூய்மை, சோதனை பண்ண தேதின்னு எல்லாம் இருக்கும், பூச்சிக்கு ஒரு கட்டம் கெடையாது. முளைக்குமா முளைக்காதான்னு சொல்ற அட்டை முளைச்சதுக்குப் பெறகு என்ன ஆகும்னு சொல்ல மாட்டேங்குது.

அதுனால உங்ககிட்ட நான் கேக்குறது இதுதான். வருசா வருசம் மே மாசத்துல, தண்ணி திறக்குறதுக்கு முன்னாடி, நம்ம மாவட்டத்துல விக்கிற நெல்லு ரகம் ஒவ்வொண்ணும் புகையான், குருத்துப்பூச்சி, ஆனைக்கொம்பன், இலைச்சுருட்டுப்புழு இந்த நாலுக்கும் தாங்குமா, ஓரளவு தாங்குமா, தாங்காதான்னு ஒரு அட்டவணை உங்க விவசாயப் பக்கத்துல போடுங்க. ஒத்தக்கடை கல்லூரியில பூச்சியியல் துறையிலயே கேட்டு வாங்கிப் போடலாம், அவங்க சந்தோசமா குடுப்பாங்க. செப்டம்பர்ல மேலூர் பக்கம் ஒருபோகத்துக்குத் தண்ணி விடும்போது மறுபடி ஒரு தடவ போடுங்க, அந்தப் பக்கத்துப் பருவமே வேற, மழைக்காலத்துல பயிரு நிக்கும், பூச்சியும் வேற மாதிரி இருக்கும். புதுசா ஒரு ரகம் வந்துச்சுன்னு நியூஸ் போடும்போது நாளு, மகசூலோட இதையும் ஒரு வரி கேட்டுப் போடச் சொல்லுங்க உங்க நிருபர்கள்கிட்ட. புகையான் வந்த ஊரப் பத்தி செய்தி போடும்போது “நெற்பயிரில் புகையான் தாக்குதல், விவசாயிகள் கவலை”ன்னு மட்டும் விடாம அது என்ன ரகம், எப்ப நட்டது, சுத்தி எத்தனை ஏக்கர் அதே ரகம்னு விசாரிச்சுப் போட்டா நாலு வருசத்துல எங்களுக்கே ஒரு படம் கெடச்சிரும்.

வேளாண் துறைக்கும் ஒரு வேண்டுகோள். விரிவாக்க மையத்துல மானிய விதை குடுக்கும்போது ஒரு ஊருக்கு ஒரே ரகமா குடுக்காம ரெண்டு மூணா பிரிச்சுக் குடுங்க, ஒரு மடைக்கு ஒண்ணுன்னு பாத்துக் குடுத்தா இன்னும் நல்லது. விதைக்கடைகள்ல வெலைப் பலகை வைக்கச் சொல்றீங்கல்ல, அதுலயே பூச்சிக்கு ஒரு பத்தி சேக்கச் சொல்லுங்க.

தாங்குற ரகம்னா மகசூல் கொறையும், அரிசி நல்லா இருக்காது, மில்லுல எடுக்க மாட்டாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. அது ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனியா பாக்க வேண்டிய விஷயம், ஐஆர் 36, ஐஆர் 64 ரெண்டும் தாங்குன ரகந்தான், ரெண்டும் விளைஞ்சுது, ரெண்டும் வித்துச்சு. மகசூல்ல ரெண்டு மூட்டை கொறைஞ்சா கூட, மூணு தடவ மருந்து, அடிக்கிற கூலி, பெட்ரோல், கடைசியில வட்டம் விழுந்து போன நெல்லு இதெல்லாம் கழிச்சுத்தான் கணக்குப் பாக்கணும். எங்க ஊர்ல போன போகத்துல எளம் வயசுப் பையன் ஒருத்தன், குத்தகை நெலம், நகைய அடகு வச்சு நட்டவன், கதிர் பால் பிடிக்கிற நேரத்துல வயல்ல நாலு எடத்துல வட்டம் விழுந்துச்சு. நட்ட ரகம் எதுன்னு கேட்டேன், கடையில புதுசா வந்ததுன்னு குடுத்தாங்கண்ணே, பேரு பில்லுல இருக்கும்னான். இந்த ஜூன்லயும் அவன் மாதிரி ஆளுங்க அதே கடையில போயி நிப்பாங்க, மே மாசத்துக்குள்ள அந்த அட்டவணை உங்க பேப்பர்ல வந்துச்சுன்னா நான் வெட்டி எடுத்து எங்க ஊரு சங்கத்துச் சுவத்துல ஒட்டுறேன்.

இப்படிக்கு,
சோழவந்தான் பகுதி நெல் விவசாயி ஒருவர்,
மதுரை மாவட்டம்.